ஏழு அணிகள் கண்ட தடுப்பாட்டக்காரர்

நேயர்களே, வரலாறு என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்போர் பெரும்பாலும் படையெடுத்துச் சென்றவர்களே. கோட்டையைத் தாக்கியவனுடைய பெயர் நூலில் ஏறும். அக்கோட்டையின் மதில்மேல் இரவும் பகலும் காவல் நின்றவனுடைய பெயர் ஏறுவதில்லை. விளையாட்டின் வரலாறும் இதற்கு விலக்கன்று. பந்தை வலைக்குள் செலுத்தியவரை ஊர் கொண்டாடுகிறது. வலைக்குள் புக விடாமல் தடுத்தவரை அன்று மாலையே மறந்துவிடுகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது காவல் நின்ற ஒருவருடைய கதை. அவர் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த கபடி வீரர் தர்மராஜ் சேரலாதன். 2014ஆம் ஆண்டில் தொடங்கிய புரோ கபடி லீக் போட்டியின் முதல் எட்டுப் பருவங்களில் அவர் ஏழு அணிகளுக்காகக் களம் இறங்கினார். ஓரிடத்தில் நிலைத்து ஒரே அணியின் அடையாளமாக விளங்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. எனினும், அழைத்த இடத்துக்கெல்லாம் சென்று, கொடுத்த பணியைச் செவ்வனே செய்தார். அத்தகைய வாழ்க்கைக்கு வரலாற்றில் என்ன மதிப்பு என்பதே நம் ஆராய்ச்சி.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். நம் ஊர்ப்புறங்களில் சடுகுடு என்றும் பலிஞ்சடுகுடு என்றும் வழங்கிய ஆட்டமே கபடி. வங்கத்தில் இதனை ஹாடுடு என்பர். மராட்டியத்தில் ஹுடுடு என்பர். ஆந்திரத்தில் செடுகுடு என்பர். 'கைப்பிடி' என்னும் தமிழ்ச் சொல்லே கபடி எனத் திரிந்தது என்று சொல்வாரும் உளர். சொல்லின் பிறப்பு எவ்வாறாயினும், ஆட்டத்தின் உயிர் பிடியில்தான் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. மட்டையும் பந்தும் வேண்டா, காலணியும் வேண்டா. அறுவடை முடிந்த வயலும், கோடு கிழிக்க ஒரு குச்சியும், மூச்சடக்கும் நெஞ்சுரமும் இருந்தால் போதும். ஆகவேதான் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டமாக இது நெடுங்காலம் வாழ்ந்து வந்தது.

இந்த ஆட்டம் ஒழுங்கான விதிகளுக்குள் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1923ஆம் ஆண்டில் பரோடாவில் அகில இந்தியப் போட்டி ஒன்று நடைபெற்றது. அதையொட்டி விதிகளும் வகுக்கப்பட்டன. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் விழாவின்போது, அமராவதி நகரத்து உடற்பயிற்சிக் கழகத்தார் அந்நகரில் இதனை ஆடிக் காட்டினர். 1950ஆம் ஆண்டில் அகில இந்தியச் சம்மேளனம் தோன்றியது. 1990ஆம் ஆண்டில் பீகிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி பதக்கத்துக்குரிய ஆட்டமாக இடம்பெற்றது. அன்று முதல் 2014 வரை நடந்த ஏழு ஆசியப் போட்டிகளிலும் ஆடவர் தங்கத்தை இந்தியாவே வென்றது. 1994ஆம் ஆண்டில் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில், தூத்துக்குடிப் பகுதியைச் சேர்ந்த மணத்தி கணேசன் என்ற நம் தமிழ் வீரரும் இருந்தார். மறு ஆண்டில் அவருக்கு அர்ஜுனா விருது கிட்டியது.

இனி, தடுப்பாட்டக்காரரின் தொழிலைக் காண்போம். ஆடவர் ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோட்டுக்கு இருபுறமும் எழுவர் எழுவராக நிற்பர். ஒருவர் 'கபடி, கபடி' என்று மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு எதிர்க்களத்தில் புகுவார். அவருக்கு 30 நொடிகளே அவகாசம். அதற்குள் யாரையேனும் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்கு மீண்டால் அவருக்கு வெற்றி. மீள விடாமல் மடக்கினால் எதிரணிக்கு வெற்றி. தொடப்பட்டவரும் பிடிபட்டவரும் வெளியேறுவர். தம் அணி புள்ளி பெறும்போது ஒருவர் ஒருவராக மீண்டும் உள்ளே வருவர்.

பாடிச் செல்பவர் தனி ஒருவர். எங்கே பாய்வது, எப்போது திரும்புவது என்பதை அவரே முடிவு செய்கிறார். அரங்கத்தின் கண்கள் அனைத்தும் அவர்மீதே இருக்கும். தடுப்பவரின் நிலை அப்படிப்பட்டதன்று. எதிரி என்ன செய்வான் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பதே அவர் வேலை. களத்தின் இரு மூலைகளிலும் நிற்போர் கணுக்காலையும் தொடையையும் பற்றுவதில் வல்லவராக இருத்தல் வேண்டும். அவர்களுக்கு அடுத்து நிற்போர், பாய்ந்து தடுக்கவும் மோதி எல்லைக்கு வெளியே தள்ளவும் பயின்றிருத்தல் வேண்டும். இருவர் இருவராகக் கைகோத்துச் சங்கிலி போல் நிற்பது இவ்வாட்டத்தின் பழைய வழக்கம். ஒருவர் காலைப் பற்றிய அதே கணத்தில் மற்றவர் மேலே விழவில்லையானால், பற்றியவரையும் இழுத்துக்கொண்டே எதிரி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். ஒரு விரல் நுனி கோட்டைத் தொட்டால் போதும், தொட்டுப் போராடிய அத்தனை பேரும் வெளியேற வேண்டியதுதான். பத்து முறை பிடிக்க முயன்று ஐந்தாறு முறை வெல்பவரே உயர்ந்த தடுப்பாட்டக்காரர் எனப்படுவார். அதாவது, தம் தொழிலில் தேர்ந்தவரும் ஏறக்குறையப் பாதி முறை தோற்றே தீருவார்; தோற்ற அடுத்த நொடியில், ஒன்றும் நேராதவர் போல் மூலையில் போய் நிற்கவும் வேண்டும். சேரலாதன் பயின்றது இந்தப் பொறுமையின் கலையை. வலது மூலையே அவருடைய இடம்.

அவர் 1975ஆம் ஆண்டில் பிறந்தவர். ஆதலின், புரோ கபடி லீக் தொடங்கிய 2014 ஜூலையில் அவருக்கு வயது 39. பிற ஆட்டக்காரர் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுப் பயிற்சியாளர் வேலை தேடும் வயது அது. அதற்கு முந்தைய காலத்தில், கபடியைத் தொழிலாகக் கொண்டு பொருளீட்டுவது நம் நாட்டில் எளிதன்று. இரயில்வே, காவல் துறை, வங்கி, பொதுத்துறை நிறுவனம் ஆகியவற்றில் விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கிய வேலை ஒன்று கிடைத்தால் அதுவே பெரும்பேறு. பகலில் அலுவலகம், மாலையில் பயிற்சி, விடுமுறையில் ஊர்த் திருவிழாப் போட்டி என்பதே வழக்கம். குழல்விளக்கு வெளிச்சத்தில், மண் தரையில், முழங்கால் தேய விடிய விடிய ஆடி, ஒரு கோப்பையையும் சிறு தொகையையும் பங்கிட்டுக்கொண்டு ஊர் திரும்பியோர் எண்ணற்றோர். அவர்களுடைய ஆட்டத்தைப் படம் பிடித்தாரும் இல்லை. புள்ளிகளை எழுதி வைத்தாரும் இல்லை.

2014ஆம் ஆண்டு இந்நிலையை மாற்றியது. எட்டு அணிகள் அமைந்தன. ஆட்டக்காரர்கள் ஏலத்தில் எடுக்கப்பட்டனர். மண் போய் மெத்தென்ற விரிப்பு வந்தது, தொலைக்காட்சி வந்தது. அவ்வாண்டு ஏலத்தில் மிக உயர்ந்த தொகை 12 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ராகேஷ் குமார் என்ற வீரரைப் பாட்னா அணி அத்தொகைக்கு எடுத்தது. 2018ஆம் ஆண்டில் அவ்வுச்சத் தொகை ஒரு கோடியைத் தாண்டியது. 2023ஆம் ஆண்டில் பவன் செராவத் என்பவருக்கு 2 கோடியே 60 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுக்கப்பட்டது. ஒன்பதே ஆண்டுகளில் இருபது மடங்கு உயர்வு! ஆனால் பவன் செராவத்தும் பாடிச் செல்பவர் என்பதை மறத்தலாகாது. சந்தையும் தாக்குபவருக்கே பெரும்பாலும் முதல் மரியாதை செய்கிறது.

அந்த எட்டு அணிகளுள் தமிழகத்துக்கென ஓர் அணி இல்லை. சேரலாதன் பெங்களூரு புல்ஸ் அணியில் சேர்ந்தார். இரண்டாம் பருவத்தில், அதாவது 2015ஆம் ஆண்டில், அவ்வணி இறுதியாட்டம் வரை சென்று யு மும்பா அணியிடம் 30க்கு 36 என்ற கணக்கில் தோற்றது. 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த மூன்றாம் பருவத்தில் அவர் தெலுகு டைட்டன்ஸ் அணிக்கு மாறினார். அதே ஆண்டின் நடுவில் நான்காம் பருவம் நடந்தபோது பாட்னா பைரேட்ஸ் அணி அவரை அழைத்துக்கொண்டது. அழைத்ததோடு நில்லாமல் தலைமையையும் அவரிடம் ஒப்படைத்தது.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். பாட்னா அணியோ அதற்கு முந்தைய பருவத்தில் பட்டம் வென்ற அணி. காவிரிக்கரை மனிதர் ஒருவர், கங்கைக்கரை நகரத்தின் பெயர் தாங்கிய அணிக்குத் தலைவராகிறார். அவருக்கு அப்போது வயது 41. அவ்வணியின் தலைசிறந்த தாக்குதல் வீரர் அரியானாவைச் சேர்ந்த பர்தீப் நர்வால். அவருக்கு வயது 19. இருவருக்கும் தாய்மொழி வேறு, உணவு வேறு, தலைமுறையே வேறு. எனினும் ஒருவர் புள்ளிகளைக் கொணர்ந்தார். மற்றவர் கொணர்ந்ததைக் காத்தார். 2016 ஜூலை 31ஆம் நாள் ஐதராபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் பாட்னா அணி ஜெய்ப்பூர் அணியை 37க்கு 29 என்ற கணக்கில் வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது. கோப்பையை ஏந்திய தலைவர் நம் தஞ்சைத் தமிழர். வடநாட்டு இளைஞரும் அவரை 'அண்ணா' என்றே அழைக்கலாயினர். கபடி உலகில் அச்சொல் அவருக்கு இரண்டாவது பெயராகவே நிலைத்துவிட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் உலகக் கோப்பைப் போட்டி அகமதாபாத்தில் நடந்தது. பன்னிரண்டு நாடுகள் பங்குகொண்டன. அனுப் குமார் தலைமையிலான இந்திய அணியில் சேரலாதனும் இடம்பெற்றார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா 34க்கு 32 என இந்தியாவைத் தோற்கடித்து உலகை வியக்கவைத்தது. எனினும் இந்திய அணி தன்னைத் திருத்திக்கொண்டு முன்னேறியது. அக்டோபர் 22ஆம் நாள் ஈரானுடன் நடந்த இறுதியாட்டத்தின் இடைவேளையில் 13க்கு 18 எனப் பின்தங்கியிருந்தும், முடிவில் 38க்கு 29 என வென்றது. நாற்பத்தொரு வயதில் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஒருவராக இருப்பது, எந்த ஆட்டத்திலும் சிலருக்கே வாய்க்கும் பேறு.

பட்டம் வென்ற தலைவர் அதே அணியில் நிலைத்திருப்பார் என்றுதானே நினைப்போம்? அவ்வாறு நிகழவில்லை. 2017ஆம் ஆண்டில் அவர் புனேரி பல்டன் அணிக்குச் சென்றார். 2018ஆம் ஆண்டில் யு மும்பா அணியில் இருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில்தான், ஆசியப் போட்டியின் அரையிறுதியில் ஈரான் இந்தியாவை 27க்கு 18 என வீழ்த்தி, ஏழுமுறை தொடர்ந்த தங்கச் சங்கிலியை அறுத்தது. அந்த ஈரானிய அணியின் பெருந்தூணான ஃபாசல் அத்ராச்சலி, சில வாரங்களில் மும்பை அணியின் இடது மூலையில் தலைவராக நின்றார்; வலது மூலையில் நின்றவர் சேரலாதன். நாடுகள் எதிரெதிர் நின்ற ஆட்டத்தில் தொழிலாளர் இருவர் தோளோடு தோள் நின்று ஒரே அரணைக் காத்தனர். 2019ஆம் ஆண்டில் அரியானா ஸ்டீலர்ஸ் அணி அவரைத் தலைவராக்கியது. கபடியின் விளைநிலமாகிய அரியானாவின் பெயர் கொண்ட அணி, தன் தலைமையைத் தெற்கே தேடிக் கண்டது! 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய்த்தொற்றால் போட்டி நடைபெறவில்லை. 2021 டிசம்பரில் பெங்களூருவில், பார்வையாளர் இன்றி, எட்டாம் பருவம் தொடங்கியபோது அவர் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் அணியில் ஆடினார். அப்போது வயது 46. உடன் ஆடியவர்களுள் பலர் அவர் கபடி பயின்ற காலத்தில் பிறந்திராதவர்கள்.

இத்தனை அணிகள் மாறியவரை உலகம் இரு விதமாக நோக்கும். 'எங்கும் நிலைக்காதவர்' என்பது ஒரு நோக்கு. 'எங்கும் வேண்டப்பட்டவர்' என்பது மற்றொன்று. கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹாக்கி மிகப் பெரிய தொழில். அங்கே மைக் சில்லிங்கர் என்ற ஆட்டக்காரர் தம் வாழ்நாளில் 12 அணிகளுக்கு ஆடினார். அத்தகையோர் அங்கே பலர். அவர்கள் பெயர் மின்னும் நட்சத்திரங்கள் அல்லர். ஆயினும் அவர்கள் இன்றி எந்த அணியும் ஒரு பருவத்தை முழுமையாகக் கடக்க இயலாது. நம் நாட்டு வழக்கில் சொன்னால், ஊர் ஊராகச் சென்று கோயிற்பணி செய்த சிற்பியும், திருவிழாதோறும் அழைக்கப்பட்ட நாகசுரக் கலைஞரும் இத்தகையோரே. ஓர் ஊரில் வேலை முடிந்தால் உளியை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவதில் இழிவு எதுவும் இல்லை. அடுத்த ஊர் அழைக்கிறதா என்பதே கேள்வி. சேரலாதனை எட்டுப் பருவங்களிலும் யாரேனும் ஒருவர் அழைத்தனர்; இருவர் தலைமையையே கொடுத்தனர். வேலை தெரியாதவனை ஒருமுறை ஏமாந்து அழைக்கலாம். ஏழு ஊரார் ஏமாறுவதில்லை.

வயதைப் பற்றி எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டும் ஒன்று சொல்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட விதிகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் காணலாம். குடவோலை முறையில் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கத் தக்கவரின் வயது முதல் விதியில் முப்பது முதல் அறுபது வரை என இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அதனை முப்பத்தைந்து முதல் எழுபது வரை எனத் திருத்தினர். நிலமும் கல்வியும் உடைய பிராமணருக்கே உரிய சபை அது. பெண்களுக்கும் ஏனையோருக்கும் அதில் இடமில்லை என்பதையும் மாணவர்கள் மறக்கலாகாது. ஆயினும், ஊர்க்காவல் போன்ற பொறுப்புக்கு முதிர்ச்சி வேண்டும் என்று அனுபவம் அவர்களுக்குக் கற்பித்தது என்று கொள்வதில் தவறில்லை. பாய்வதற்கு இளமை போதும். காப்பதற்கு முதிர்ச்சியும் வேண்டும். நாற்பதைக் கடந்த ஒருவரிடம் அணிகள் தலைமையை ஒப்படைத்ததன் காரணமும் இதுவே அன்றோ?

மாணவ நண்பர்களே, இக்கதையின் கடுமையான பகுதியையும் நான் மறைக்கக் கூடாது. ஏலம் என்பது இனிமையான சொல் அன்று. இந்த ஆண்டு கொண்டாடிய அணி அடுத்த ஆண்டு கைவிடலாம். உடலே முதலீடு, ஒரு முழங்கால் பிசகினால் முதல் முழுவதும் போயிற்று. 2022ஆம் ஆண்டில் தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 இலட்சம் ரூபாய் கொடுத்து எடுத்த அதே பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமுற்று அப்பருவம் முழுதும் ஆட இயலாதவரானார். பெரும்பொருள் பெற்றவருக்கே இந்நிலை என்றால், சிறுதொகைக்கு ஆடும் ஊர்ப்பிள்ளையின் நிலை என்ன? நம் வட்டாரத்து ஏரிக்கரைகளிலும் பள்ளித் திடல்களிலும் மாலைதோறும் ஆடும் இளைஞர்களுள் ஆயிரத்தில் ஒருவருக்கே அந்தத் தொலைக்காட்சி வெளிச்சம் கிட்டும். ஆகவே, ஆடுங்கள், ஆனால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆடாதீர்கள். பட்டமோ தொழிற்கல்வியோ, காயம் பறிக்க முடியாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுங்கள். பெற்றோரும் ஆசிரியரும், 'விளையாட்டா, படிப்பா?' என்று பிள்ளையை ஒரு பக்கம் தள்ளாமல், இரண்டுக்கும் நேரம் வகுத்துக் கொடுத்தல் வேண்டும்.

தமிழகத்துக்கென ஓர் அணி, தமிழ் தலைவாஸ் என்னும் பெயரில், 2017ஆம் ஆண்டில் ஐந்தாம் பருவத்தில்தான் தோன்றியது. அப்போது சேரலாதன் புனே அணியில் இருந்தார். அதன்பின் மும்பை, அரியானா, ஜெய்ப்பூர் என்று அவருடைய பயணம் சென்றதே தவிர, லீக் போட்டியின் அந்த எட்டுப் பருவங்களிலும் தாய்நாட்டு அணியின் சட்டையை அணிந்து அவர் ஆடவில்லை. ஆனால் 2024ஆம் ஆண்டுப் பருவத்தில், உதயகுமார் தலைமைப் பயிற்சியாளராக இருக்க, தமிழ் தலைவாஸ் அணியின் வியூகப் பயிற்சியாளராகச் சேரலாதன் பொறுப்பேற்றார். ஏழு ஊர்களில் கற்ற பாடத்தை எட்டாவதாகத் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வாய்ப்பு அது. வெளியூர் சென்று உழைத்தவன் திரும்பும்போது பொன்னும் பொருளும் கொண்டுவரலாம். அவற்றினும் மேலானது அவன் கொண்டுவரும் தொழில்நுணுக்கம்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டியில், கபடியில் சிறுவர் அணியும் சிறுமியர் அணியும் இந்தியாவுக்குத் தங்கம் ஈட்டித் தந்தன. அவற்றில் சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த மாணவி ஒருவரும், திருவாரூர் மாவட்டத்து வடுவூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் இடம்பெற்றிருந்தனர். ஒரு தலைமுறைக்கு முன் மண் தரையோடு முடிந்திருக்கக்கூடிய வாழ்க்கைகள் இன்று கடல் கடந்து செல்கின்றன. அந்தப் பாதையைச் செப்பனிட்டோர், பெயர் பொறித்துக்கொண்ட நட்சத்திரங்கள் மட்டும் அல்லர். அழைத்த அணிக்கெல்லாம் சென்று மூலையில் நின்று காத்தவர்களும் ஆவர்.

ஆகவே, அடுத்த முறை நீங்கள் ஒரு கபடி ஆட்டத்தைக் காணும்போது, பாய்ந்து வருபவரை மட்டும் நோக்காமல் மூலையில் குனிந்து நிற்பவரையும் ஒரு கணம் நோக்குங்கள். அவர் கைகள் தரையை நோக்கித் தாழ்ந்திருக்கும். கண்கள் எதிரியின் பாதத்தை விட்டு அகலா. பத்து நொடி, இருபது நொடி, ஒன்றும் நிகழாதது போல் தோன்றும். பின்பு ஒரே கணத்தில் கணுக்கால் அவர் பிடியில் இருக்கும். அந்த ஒரு கணத்துக்காக அவர் எத்தனை ஆண்டு, எத்தனை ஊர்களில் குனிந்து நின்றிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.